காக்காய் பிடித்தவர்கள்

நம் ஊரில் காக்காய் பிடிக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆபீஸில் உண்டு, சினிமாக் கம்பெனியில் உண்டு, எழுத்தாளர்கள் கூடுகிற இடத்தில் கட்டாயம் உண்டு. ‘கால் கை பிடித்தல்’ என்பதுதான் தேய்ந்து தேய்ந்து ‘காக்காய் பிடித்தல்’ ஆகிவிட்டது என்று சொல்வார்கள். இருக்கட்டும். நான் இங்கே சொல்லப் போவது நிஜமாகவே காக்காய் பிடித்தவர்களைப் பற்றி. விடிவதற்கு முன்னால் எழுந்து, மணலில் வலை விரித்து, தழைக் குடிசைக்குள் பதுங்கிக் கிடந்து காக்காய் பிடித்தவர்கள். பிடித்ததை உப்புப் போட்டுப் பீப்பாயில் அடைத்துக் குளிர்காலம் பூராவும் சாப்பிட்டவர்கள்.

மூக்கைச் சுளிக்க வேண்டாம். நானும் முதலில் சுளித்தவன்தான்.

இந்த விஷயம் எனக்கு அகப்பட்டதே தற்செயல். தாமஸ் மானின் கோடைக்கால வீட்டைப் பற்றிப் படித்துக் கொண்டிருந்தேன். அந்த மகா நாவலாசிரியருக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. மறு வருஷமே பால்டிக் கடலோரத்தில் நிடா என்ற மீனவக் கிராமத்தில் நாணல் வேய்ந்த அழகான வீடு ஒன்று கட்டிக்கொண்டார். 1930, 31, 32 மூன்று கோடைகளும் குடும்பத்தோடு அங்கேதான். ஜன்னலைத் திறந்தால் காயல். எதிரில் யோசேப்பு நாவலின் கையெழுத்துப் பிரதி. ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும் என்று பொறாமையோடு பக்கத்தைப் புரட்டினேன். அடுத்த பக்கத்தில் ஒரு புகைப்படம். தொப்பி போட்ட ஒரு கிழவர் மணலில் மண்டியிட்டிருக்கிறார். இரண்டு கையாலும் ஒரு காக்கையைப் பிடித்திருக்கிறார். காக்கையின் தலை அவர் வாய்க்குள் இருக்கிறது.

புஸ்தகத்தை மூடிவிட்டேன். மூடினாலும் அந்த முகம் போகவில்லை. குரூரமான முகமாக இருந்தால் மறந்திருப்பேன். நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற தையற்காரரின் முகம் மாதிரி, காரியத்தில் கண்ணாக இருந்த சாதாரண முகம் அது. அதற்கப்புறம் தாமஸ் மானை விட்டுவிட்டுக் கிழவர் பின்னால் போனேன்.

அந்த இடம் குர்ஷிய மணல்திட்டு. நம்முடைய தனுஷ்கோடியை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். ஆனால் 98 கிலோமீட்டர் நீளத்துக்கு நினைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் பால்டிக் கடல், மறு பக்கம் குர்ஷியக் காயல், நடுவே சில இடங்களில் 400 மீட்டர்கூட அகலமில்லாத மணல். இன்று வடபாதி லிதுவேனியாவில் இருக்கிறது, தென்பாதி ருஷ்யாவில். முதல் உலக யுத்தம் வரையில் முழுவதும் ஜெர்மனியின் கிழக்குப் பிரஷ்யா. தத்துவஞானி கான்ட் வாழ்ந்து மடிந்த கோனிக்ஸ்பர்க் நகரம் கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். ஆனால் மணல்திட்டில் குடியிருந்தவர்களுக்குக் கான்டும் தெரியாது, அவர்களைக் கான்டுக்கும் தெரிந்திருக்காது. குர்ஷியர் என்ற மீனவ ஜனங்கள் அவர்கள். வீட்டிலே பேசியது லாட்விய மொழிக்கு உறவான குர்ஷியம். கோயிலில் கேட்டது லிதுவேனியமும் ஜெர்மனும்.

அந்த மணல் சும்மா கிடக்கிற மணல் அல்ல. நடக்கிற மணல். முன்பு காடு இருந்து அதைக் கட்டிப் போட்டிருந்தது. மரத்தை வெட்டி வெட்டி 18-ம் நூற்றாண்டில் காட்டைத் தீர்த்ததும் மணல் கிளம்பிவிட்டது. ஊர் ஊராக விழுங்கிற்று. கார்வைட்டன் என்ற கிராமம் 1797-க்குள் கோயிலோடு புதைந்தே போயிற்று. அங்கே பிறந்த ரேஸா என்ற கவிஞர், பெரியவராகி வந்து பார்த்தபோது பிறந்த ஊர் இருந்த இடத்தில் மணல்மேடுதான் இருந்தது. பிறகு சர்க்கார் விழித்துக்கொண்டு புல்லும் பைனும் நட்டு மணலை அடக்கிற்று. அதற்குள் அந்த ஜனங்களுக்கு வயல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை. உருளைக்கிழங்குக்கு ஒரு துண்டு நிலம், ஒரு பசு, மற்றதெல்லாம் காயல்.

காயலோ வருஷம் முழுவதும் படி அளக்கிற தெய்வம் அல்ல. குளிர்காலத்தில் உறைந்துவிடும். நன்றாக உறைந்துவிட்டால் கவலையில்லை. பனிக்கட்டியின் மேலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு போய், துளை போட்டு வலை இறக்குவார்கள். உறையத் தொடங்கும்போதும் உருகத் தொடங்கும்போதும்தான் ஆபத்து. படகு போக முடியாத அளவுக்குப் பனிக்கட்டி இருக்கும். மனிதன் நடக்கத் தாங்குகிற அளவுக்கு இராது. இந்த இரண்டுங்கெட்டான் காலத்துக்கு அவர்கள் ‘ஷக்டார்ப்’ என்று தனியாக ஒரு பெயரே வைத்திருந்தார்கள். பட்டினிக்குப் பெயர் வைக்கிற ஜனங்கள் அதோடு நெடுநாள் பழகியவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் காக்கை வரும்.

நம் ஊர்க் காக்கை அல்ல. உடம்பு சாம்பல் நிறம். தலையும் இறக்கையும் வாலும் மட்டும் கறுப்பு. மேலே வெள்ளாடையைப் போர்த்திக்கொண்ட வக்கீல் மாதிரி இருக்கும். பின்லாந்திலும் ருஷ்யாவின் வடமேற்கிலும் கோடையைக் கழித்துவிட்டு, குளிருக்குப் பயந்து தென்மேற்கே கிளம்பும். தரைப் பறவைகள் அகலமான தண்ணீரைத் தாண்டத் தயங்கும். கூடியவரையில் கரையை ஒட்டியே போகும். பால்டிக் கரையோரமாக வருகிற கூட்டமெல்லாம் இந்தக் குறுகலான மணல்பாலத்தில் வந்து நெருக்கியடித்துக்கொண்டு போகும். இலையுதிர்காலத்தில் தெற்கே, வசந்தத்தில் வடக்கே. நல்ல நாளில் ஆயிரமாயிரமாய்ப் போகும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சாப்பாடு தலைக்கு மேல் பறக்கிறது. கீழே சட்டி காலியாயிருக்கிறது. வேறு யாராயிருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்?

பிடிக்கிற விதத்தைக் கேளுங்கள். எதிர்காற்று அடிக்கிற நாளாகப் பார்க்க வேண்டும். எதிர்காற்றில் பறவை தாழப் பறக்கும். இருட்டோடு மணல்மேட்டுக்குப் போய் வலையை விரிப்பார்கள். ஒரு ஓரத்தைத் தரையில் முளையடித்து நிறுத்திவிட்டு, மறு ஓரத்திலிருந்து நீளமாகக் கயிறு. வலை தெரியாமல் மேலே மணலைத் தூவி, கண்ணில் படுகிற மாதிரி சின்ன மீன்களைப் போட்டு வைப்பார்கள். பக்கத்தில் முன்பே பிடித்துப் பழக்கிய காக்கைகள் சிலவற்றைக் காலில் கயிறு கட்டி முளையில் விடுவார்கள். நம் வேடர்கள் இதைப் ‘பார்வை’ என்பார்கள். கீழே சொந்தக்காரன் நிம்மதியாக இரை பொறுக்குவதைப் பார்த்தால் மேலே போகிறவனுக்கு நம்பிக்கை வந்துவிடும். மனிதர்களிடமும் பலிக்கிற யுக்திதான்.

கயிற்றின் மறு நுனி ஒரு குடிசைக்குள் போகும். குடிசை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பைன் கிளைகளையும் புதரையும் நட்டு வளைத்துச் செய்த ஒரு மறைவு. ஓரிருவர் உட்காரலாம், நிமிரக் கூடாது. காக்கை எல்லாப் பறவையையும்விடச் சந்தேகப் பிராணி. குடிசையிலிருந்து ஒரு இருமல் வெளியே வந்தால் அன்றைய பிழைப்புப் போயிற்று. பால்டிக் காற்று கிளைச் சந்தில் ஊசியாகக் குத்தும். கையில் கயிறு. அப்பன், பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரன் என்று ஒருவருக்கொருவர் தோள் இடிக்க, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர்களைப் போலவே அடுத்த மேட்டில் இன்னொரு குடும்பம், அதற்கடுத்த மேட்டில் இன்னொன்று. மனிதன் ஒருவன்கூடக் கண்ணில் படமாட்டான். மணல்திட்டு முழுவதும் ஆள் இருக்கும்.

கூட்டம் வரும். ஒன்று வட்டமிடும். இன்னொன்று இறங்கும். ஒன்றுக்காகக் கயிற்றை இழுத்துவிடக் கூடாது; ஐந்தோ பத்தோ இறங்குகிறவரையில் பொறுக்க வேண்டும். ரொம்பப் பொறுத்தால் இறங்கினதும் பறந்துவிடும். இந்தக் கணக்கைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது. பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வதுதான் வழி. சட்டென்று இழுத்தால் வலை புரண்டு மூடும். அந்த நிமிஷமே ஓட வேண்டும். வலைக்குள் இறக்கை அடிக்கிற சத்தமும் கூச்சலும் அடங்குவதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிட்டால் எல்லாம் பாழ். ஒரு கையால் வலையைத் தூக்கி, மறு கையால் பறவையைப் பிடித்து... கத்திக்குக் கை ஏது? கழுத்தைத் திருகினால் நேரமாகும், துடிக்கும். வெட்டினால் மணலெல்லாம் ரத்தம். காக்கை அதைக் கண்டால் இறங்குமா? ஆகவே வாய். மண்டையோட்டில் ஒரே கடி. உயிர் அந்தக் கணமே போய்விடும். வலையைத் திரும்ப விரித்து மணலைத் தூவிவிட்டு ஓடிவந்து குடிசைக்குள் புகுந்துகொள்வார்கள். வாய்க்கு ஒரு மடக்குச் சாராயமும் உண்டு என்கிறார்கள். குளிருக்கு என்று வைத்துக்கொள்வோம்.

வீட்டில் பெண்கள் இறகு பிடுங்குவார்கள். இறகு தலையணைக்கு. இறைச்சி கொஞ்சம் அன்றைய சட்டிக்கு. மீதியெல்லாம் உப்புப் போட்டுப் பீப்பாய்க்கு. ருசி புறாவைப் போல இருக்கும் என்று சாப்பிட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அக்கம்பக்கத்துப் பெருநிலத்து ஜெர்மானியர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் ‘கிராயபீட்டர்’. காக்கை கடிப்பவன் என்று அர்த்தம். வயலும் பன்றியும் உள்ளவன் அது இல்லாதவனுக்கு வைத்த பெயர்.

இந்த இடத்தில் என் பேனா கொஞ்சம் தயங்குகிறது. எங்கள் தெருவிலும் ஒரு ‘கிராயபீட்டர்’ இருந்தான். எனக்குப் பத்து வயது இருக்கும். மழை பொய்த்த வருஷம். குளத்தங்கரைக் குடிசையில் இருந்த ஒரு பையன் கவண் கல்லால் காக்கை ஒன்றை அடித்துக் கொண்டுபோனதையும், அவன் அம்மா அதைக் குழம்பு வைத்ததையும் யாரோ பார்த்துவிட்டார்கள். தெருவே பொங்கிற்று. என் பாட்டி தினமும் கொல்லைச் சுவரில் காக்காய்க்குச் சாதம் வைத்த பிறகுதான் சாப்பிடுவாள். காக்காய் ரூபத்தில் வருவது என் தாத்தா என்பது அவள் நம்பிக்கை. “பித்ருவையே தின்னுட்டானே பாவி!” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டது நினைவிருக்கிறது. அந்த வீட்டில் அன்று உலை வைத்தார்களா என்று அவள் கேட்டதாக நினைவில்லை. நாங்கள் பையன்கள் அவனைக் ‘காக்கா’ என்று கூப்பிட்டோம். அவன் வகுப்புக்குள் நுழைந்தால் பின் பெஞ்சியிலிருந்து கரைவோம். கரைவதில் நான் கெட்டிக்காரன். அந்த வருஷத்தோடு அவன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

இருபது வருஷம் கழித்து ஒரு பஸ் நிலையத்தில் பார்த்தேன். பழக்கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தான். நான்தான் முதலில் கண்டுபிடித்து, “என்ன காக்கா, சௌக்கியமா?” என்று கேட்டேன். “நல்லா இருக்கேங்க” என்று சிரித்தான். பஸ் நகர்ந்த பிறகுதான் உறைத்தது, அவனுடைய பெயரே எனக்குத் தெரியாது என்பது.

சரி, மணல்திட்டுக்குத் திரும்புவோம். அதே காலத்தில் ஜெர்மானியச் சீமான்களும் மறைவுக் குடிசையிலிருந்து காக்கை வேட்டை ஆடினார்கள். அவர்களுடைய குடிசை வேறு ரகம்: பாதி பூமிக்குள் இறக்கி, மேலே புல்பற்றை பரப்பி, உள்ளே பெஞ்சி போட்டு, சுட வசதியாகத் துவாரம் வைத்தது. எதிரே ஒரு கம்பத்தில் கொம்பன் ஆந்தையை உயிரோடு கட்டி வைப்பார்கள். ஆந்தை என்றால் காக்கைக்குப் பகலில் பரம்பரைப் பகை. கூட்டம் கூட்டமாக வந்து மொய்க்கும். பக்கத்தில் அதற்கென்றே நட்ட பட்டமரத்தில் உட்காரும். உள்ளேயிருந்து கனவான்கள் சுடுவார்கள். செத்தது அங்கேயே கிடக்கும். இந்த விளையாட்டுக்காகக் கூட்டிலிருந்து குஞ்சு எடுத்ததும், கண்ட இடத்தில் சுட்டதும் சேர்ந்து, 20-ம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியின் பெரும்பகுதியில் அந்த ஆந்தை இனமே அற்றுப்போயிற்று. பிற்பாடு கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டு மீட்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவிலோ குடிசையும் வேண்டாம், ஆந்தையும் வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள். 1940-ல் இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டுக்கருகே காக்கைகள் இரவில் அடைகிற தோப்பில் டைனமைட் வைத்து 3,28,000 காக்கைகளைக் கொன்றார்கள். பயிருக்குச் சேதம், வாத்துக் குஞ்சுக்குச் சேதம் என்று காரணம் சொன்னார்கள். ஒன்றையும் ஒருவரும் தின்னவில்லை. அந்தச் சீமான்களையும் உத்தியோகஸ்தர்களையும் எந்தப் பறவையின் பெயரைச் சொல்லியும் யாரும் கேலி செய்ததாக நான் படிக்கவில்லை.

மணல்திட்டுக்காரர்களைக் கேலி செய்யாமல், அவர்களிடம் ஒரு காரியத்தோடு போன மனிதர் ஒருவர் உண்டு. யோஹன்னஸ் டீனமன் என்று பெயர். பாதிரியார் படிப்புப் படித்தவர். பறவைப் பித்து. 1896-ல் மணல்திட்டில் ரோஸிட்டன் என்ற கிராமத்துக்கு வந்தார். தலைக்கு மேலே போகிற பறவை வெள்ளத்தைப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் அவரால் வேறு எங்கும் இருக்க முடியவில்லை. 1901-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி அங்கே பறவை ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கிற்று. உலகத்திலேயே அந்த மாதிரி முதல் நிலையம் அதுதான் என்பார்கள்.

பறவைகள் எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன? அந்தக் காலத்தில் இது ஊகம்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், 1899-ல், டென்மார்க்கில் மார்ட்டென்ஸன் என்ற பள்ளிக்கூட வாத்தியார் மைனா ஜாதிப் பறவைகளின் காலில் எண் போட்ட அலுமினிய வளையம் மாட்டிப் பறக்கவிட்டிருந்தார். அதைப் பெரிய அளவில் செய்ய டீனமனுக்கு ஆசை. வளையம் தயார். பறவைக்கு எங்கே போவது? உயிரோடு, காயமில்லாமல், நூற்றுக்கணக்கில் வேண்டும். பட்டணத்துப் பண்டிதர் எவராலும் ஆகிற காரியமல்ல. அவருடைய வாசலிலேயே அதற்கு ஆள் இருந்தார்கள். தழைக் குடிசைக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

1903-ல் காக்கை கடிப்பவர்களிடமிருந்து உயிரோடு காக்கைகளை வாங்கி, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடத் தொடங்கினார். அந்த ஜனங்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். குளிரில் விறைத்துப் பிடித்துக் கொண்டுவந்த சாப்பாட்டை ஒரு படித்த மனிதர் காசு கொடுத்து வாங்கி, அதற்கு நகை போட்டு அனுப்பி வைக்கிறார்! ஆனாலும் கொண்டுவந்து கொடுத்தார்கள். படித்தவர்கள்தான் சண்டைக்கு வந்தார்கள். வளையத்துக்கு ஆசைப்பட்டு ஊரெல்லாம் பறவையைச் சுடுவார்கள், விஞ்ஞானத்தின் பெயரால் கொலை என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். டீனமன் அசையவில்லை.

தபால் வர ஆரம்பித்தது. எங்கோ ஒரு விவசாயி காக்கையைச் சுட்டு, காலில் மின்னிய தகட்டைப் பார்த்து, அதிலிருந்த ஊர்ப் பெயருக்கு அனுப்பியிருப்பார். சில சமயம் காலோடு சேர்த்தே வரும். மேற்கே வட ஜெர்மனியிலிருந்தும், இன்னும் தள்ளிப் பிரான்ஸின் வடகோடியிலிருந்தும். கிழக்கே பின்லாந்திலிருந்தும், பீட்டர்ஸ்பர்க் பக்கத்திலிருந்தும். ஒவ்வொரு கடிதத்துக்கும் தேசப்படத்தில் ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் வழி தெரிந்தது. பிறகு நாரைக்குப் போட்டார். வளையங்கள் ஆப்பிரிக்காவின் தென்கோடியிலிருந்து திரும்பி வந்தன. உலகம் முழுவதும் இன்று கோடிக்கணக்கான பறவைகள் வளையத்தோடு பறக்கின்றன. ரோஸிட்டனில் அந்தத் தொழில் ஆரம்பித்தது, பட்டினிக்காரர்கள் இழுத்த கயிற்றின் நுனியில். வளையத்துக்கு எண் உண்டு. எண்ணைப் பார்த்தால் எந்தக் காக்கை என்று சொல்லிவிடலாம். பிடித்துக் கொடுத்தவர்களில் ஒருவர் பெயர்கூட நான் படித்த எதிலும் இல்லை.

டீனமன் 1938-ல் காலமானார். அதிர்ஷ்டசாலி, அப்புறம் நடந்ததைப் பார்க்கவில்லை. தாமஸ் மான் 1933-லேயே நாட்டை விட்டு வெளியேறிவிட்டார். நிடா இருந்த பகுதியை 1939-ல் ஹிட்லர் எடுத்துக்கொண்டதும் நாவலாசிரியருடைய வீடு ஹெர்மன் கோரிங் கைக்குப் போய் வேட்டை மாளிகை ஆயிற்று. 1944 இலையுதிர்காலத்தில், காக்கைகள் தெற்கே போகிற அதே பருவத்தில், ருஷ்யப் படைகள் நெருங்கின. வடபாதி ஜனங்கள் அக்டோபரில் வண்டிகளில் கிளம்பினார்கள்; தென்பாதி ஜனங்கள் அடுத்த ஜனவரியில். காக்கை போன வழியிலேயே தென்மேற்காகப் போனார்கள். வசந்தத்தில் காக்கை திரும்பி வந்தது. போனவர்களில் கொஞ்சம் பேர்தான் நிடாவுக்குத் திரும்பினார்கள். அவர்களும் பின்னால் பெரும்பாலும் மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள்.

நிடாவில் பிறந்த ரிச்சர்ட் பீட்ஷ் என்பவர் 1982-ல், மணல்திட்டு மீனவர் வாழ்க்கையைப் பற்றிக் குர்ஷியத்திலும் ஜெர்மனிலுமாக ஒரு புஸ்தகம் எழுதினார். 1991-ல் குர்ஷிய மொழிக்கு ஒரு அகராதியும் போட்டார். மீன்பிடித் தொழிலில் வளர்ந்தவர், பண்டிதர் அல்ல. பேச ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்த மொழிக்கு ஒருவர் உட்கார்ந்து ‘அ’னாவிலிருந்து அகராதி எழுதுவது என்றால் என்ன என்பது எழுதுகிறவர்களுக்குப் புரியும். அவர் 2007-ல் இறந்தார். நிடாவில் இப்போது மியூசியம் இருக்கிறது. காக்கை பிடித்த கதை அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. உல்லாசப் பிரயாணிகள் பார்த்து மூக்கைச் சுளித்துவிட்டுப் போகிறார்கள்.

ரோஸிட்டனுக்கு இப்போது ரிபாச்சி என்று ருஷ்யப் பெயர். டீனமனுடைய நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் யுத்தத்துக்குப் பிறகு ஜெர்மனியின் தென்கோடியில் ராடால்ஃப்ஸெல் என்ற ஊரில் புதிதாகத் தொடங்கிக்கொண்டார்கள். பழைய இடத்தில் 1956-ல் லெவ் பெலோபோல்ஸ்கி என்ற ருஷ்ய விஞ்ஞானி மறுபடியும் நிலையத்தைத் திறந்தார். பைன் மரங்களுக்கிடையே வீடு வீடாக உயர்ந்த புனல் வலைகள் கட்டினார்கள். குடிசைக்குள் பதுங்கவும் வேண்டாம், கயிறு இழுக்கவும் வேண்டாம். பறவை தானே போய்ச் சேருகிறது. கோடியில் ஒரு சிறு கூண்டு. ஆள் போய் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இறக்கையை அளந்து, எடை போட்டு, வளையம் மாட்டி விட்டுவிடுகிறார். சிட்டுகளும் பிஞ்சுகளும் சத்தம் போடாமல் இருந்துவிடும். சாம்பல் காக்கை அகப்பட்டால் மட்டும் விஷயம் வேறு. வளையத்தை மாட்டி முடிப்பதற்குள் திரும்பி, பிடித்தவர் விரலை நன்றாகக் கடித்துவிட்டுத்தான் பறக்கும்.